கேமரா ஆடாமல் நிற்க இரண்டரை வருடம்

நம்ம ஊரில் பைக் என்றால் பெட்ரோல் வண்டி. நான் சொல்லப்போவது மிதிக்கிற சைக்கிள், அதிலும் கிடாக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார் உள்ள ரோடு பைக். அதில் ஒரு ஆக்‌ஷன் கேமராவை மாட்டிக்கொண்டு இரண்டரை வருடம் ஓட்டியாகிவிட்டது, கிட்டத்தட்ட 9,000 கிலோமீட்டர். பாதிக்கு மேல் கோவையிலிருந்து பேரூர், தொண்டாமுத்தூர் பக்கம், இல்லாவிட்டால் ஆனைகட்டி ரோடு. மாதம் ஒரு முறை பொள்ளாச்சி தாண்டி ஆழியாறு. இத்தனை நாளும் கேமரா ஒன்றேதான். அதைத் தாங்குகிற மவுண்ட் மட்டும் இப்போது நாலாவது. என்ன கேமரா வாங்கலாம் என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். அதை எதில் மாட்டியிருக்கிறீர்கள் என்று ஒருத்தர் கூடக் கேட்டதில்லை. என் காசு கரைந்ததெல்லாம் இந்த இரண்டாவது கேள்வியில்தான்.

முதலில் வாங்கியது ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளாம்ப். ரோடு பைக் ஹேண்டில்பார் நடுவில் மட்டும்தான் 31.8 மி.மீ. தடிமன், பக்கவாட்டில் போகப்போக மெலிந்துவிடும். நடுவில் லைட்டும், வேகமும் தூரமும் காட்டுகிற சைக்கிள் கம்ப்யூட்டரும் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் கிளாம்பை ஓரமாகத் தள்ளி, பழைய டியூப்பை வெட்டிச் சுற்றி இறுக்கினேன். இறுகியது. ஆனால் வீட்டுக்கு வந்து படத்தைப் போட்டால் ரோட்டோரத் தென்னை மரமெல்லாம் பாம்பு மாதிரி நெளிகிறது.

இது ஏன் என்று புரிய எனக்கு நாலு மாதம் ஆனது. இந்த மாதிரி கேமராக்களில் சென்சார் படத்தை ஒரே கணத்தில் எடுப்பதில்லை, மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிக்கிறது. வாசித்து முடிப்பதற்குள் கேமரா படபடவென்று அதிர்ந்தால் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து விழும். 2018-ல் கோப்ரோ ஹீரோ 7 பிளாக் கேமரா, ஹைப்பர்ஸ்மூத் என்கிற ஆட்டம் குறைக்கும் வசதியோடு வந்ததிலிருந்து, ஆட்டத்தையெல்லாம் கேமராவே பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு எல்லோருக்கும் வந்துவிட்டது. பள்ளத்தில் இறங்கி ஏறுகிற பெரிய குலுக்கலை அது பிரமாதமாகச் சமாளிக்கும். படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக்கொண்டு, அந்த இடைவெளியில் படத்தை நகர்த்தி நேராக்கும். கரடுமுரடான தார் ரோட்டில் 100 பி.எஸ்.ஐ. காற்றடித்த டயர் கிளப்பும் பொடி அதிர்வு இருக்கிறதே, அதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதை மவுண்ட்டில்தான் நிறுத்த வேண்டும்.

அந்தக் கிளாம்பின் முடிவு மாதம்பட்டி தாண்டி ஒரு வேகத்தடையில். வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை, 30-க்கு மேல் வேகம். சத்தம் கூடக் கேட்கவில்லை. பின்னால் டி.வி.எஸ். எக்ஸெல்லில் பால் கேனோடு வந்த பெரியவர் ஹாரன் அடித்து நிறுத்தி, "ஏனுங் தம்பி, உங்க டார்ச்சு லைட்டு விழுந்துருச்சுங்க" என்று கையில் கொண்டுவந்து கொடுத்தார். லென்ஸ் தப்பித்தது. பிறகு பதிவைப் பார்த்தால், விழுவதற்கு இருபது நிமிடத்துக்கு முன்பிருந்தே திருகு தளர்ந்து கேமரா மெல்ல மெல்ல அண்ணாந்திருக்கிறது. இருபது நிமிடமும் வானமும் தென்னை ஓலையும்தான்.

அந்தத் திருகைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேமரா எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பெரும்பாலும் கோப்ரோவின் விரல் அமைப்புதான்: கேமராவில் இரண்டு விரல், மவுண்ட்டில் மூன்று விரல், குறுக்கே ஒரு எம்5 திருகு. கையால் முறுக்குகிற குமிழ்த் திருகு சைக்கிளுக்கு ஆகாது. தளராமல் இருக்கட்டும் என்று மரையில் பசை விட்டு இறுக்கிப் பார்த்தேன். இரும்புக்கு இரும்பு என்றால் அந்தப் பசை நல்லதுதான், ஆனால் சில வகை பிளாஸ்டிக்கை அது வெடிக்க வைத்துவிடும். எனக்கு வெடித்தது. இப்போது போட்டிருப்பது சாதாரண ஆலன் போல்ட்டும், உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டும். பத்து ரூபாய்க்குள் முடிகிற வேலை, அன்றிலிருந்து ஒரு தடவை கூடத் தளரவில்லை.

இடையில் மார்புப் பட்டை, ஹெல்மெட் இரண்டையும் பார்த்தேன். மார்பில் கட்டினால், ரோடு பைக்கில் நாம் குனிந்தே இருப்பதால் கேமரா முன்சக்கரத்தைத்தான் பார்க்கும்; தலைகீழாகத் திருப்பி நிமிர்த்தினால் ஆடுகிற இரண்டு முழங்காலும் படம் முழுக்க வரும். ஹெல்மெட்டில் படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு மணி நேரம் 150 கிராமைத் தலைமேல் சுமந்தால் அன்று சாயங்காலம் கழுத்து பேசும்.

மூன்றாவதாகத்தான் சரியான இடம் கிடைத்தது. ஹேண்டில்பாருக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மவுண்ட், மேலே கம்ப்யூட்டர், அடியில் தலைகீழாகக் கேமரா. படத்தைக் கேமராவே நிமிர்த்திக்கொள்ளும். பார்வை தாழ்ந்து ரோட்டுக்கு நெருக்கமாக வருவதால் வேகமும் வேகமாகவே தெரியும். என் கியர் கேபிள் வெளியே வளைந்து வருகிற பழைய ரகம். அது மட்டும் படத்தின் மேல் ஓரத்தில் மீசை மாதிரி வரும். அதற்கு என்ன செய்வது, விட்டுவிட்டேன். ஆனால் வாங்கிய மவுண்ட்டின் கை பிளாஸ்டிக், 9 செ.மீ. நீளம். எட்டாவது மாதம் துடைக்கும்போது வளைவில் தலைமுடி மாதிரி வெள்ளைக் கோடு. விரிசல்.

கோயமுத்தூரில் இருந்துகொண்டு இதற்கெல்லாம் ஆன்லைனில் காத்திருக்க வேண்டுமா என்று, கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். "ஏனுங்ணா, இந்த மாதிரி ஒண்ணு அலுமினியத்துல பண்ணித் தர முடியுங்ளா?" அவர் உடைந்ததை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்னங் தம்பி, சீப்பாட்டம் இருக்குது? பம்பு செட்டுக்கு எத்தனையோ பண்ணியிருக்கறோம், சைக்கிளுக்குச் சீப்பு பண்றது இதான் மொதத் தடவைங்க."

நான் வரைந்து கொண்டுபோன வரைபடத்தில் 9 செ.மீ. கை அப்படியே இருந்தது. இவ்வளவு நீளம் எதுக்கு என்று அவர் கேட்டதும்தான் எனக்கே உறைத்தது. கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நீட்டிய கை அது; கேமராவுக்கு நீளம் தேவையே இல்லை. கை நீள நீள நுனியில் ஆட்டம் கூடும். கம்ப்யூட்டரைத் தனியே விட்டுவிட்டு, கேமராவை மட்டும் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் முகத்தட்டில் கீழ்ப்பக்கம் இருக்கும் இரண்டு போல்ட்டிலேயே கட்டுவது என்று முடிவானது. அடித்தட்டு 4 மி.மீ., அதிலிருந்து முன்னால் நீளும் மூன்று விரல் வெறும் 22 மி.மீ. விரலிடுக்கை மில்லிங் மெஷினில் 3 மி.மீ. கட்டர் போட்டு அறுத்தார். நான் வரைந்திருந்த கூரான உள்மூலையைப் பென்சிலால் தட்டி, "இப்படி வெட்டுனாப்ல உட்டா அங்கதானுங் விரியும், ரேடியஸ் குடுத்தர்றேன்" என்றார், அதாவது மூலையை வளைவாக்குவது. பழைய பிளாஸ்டிக் விரிந்ததும் அப்படி ஒரு மூலையில்தான். கூலி 450 ரூபாய், டீ தனி, அதுவும் அவர் வாங்கிக் கொடுத்தது.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த போல்ட்டுகள்தான் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கின்றன. தட்டு 4 மி.மீ. என்றால் போல்ட்டும் அதே அளவு நீளமாக வேண்டும். எனக்கு 16 மி.மீ.க்குப் பதில் 20, தலையில் 12.9 என்று வலிமைத் தரம் பொறித்த கருப்பு ஆலன் போல்ட். பழைய நீளத்திலேயே முடுக்கினால் மரையில் பிடிமானம் குறைந்துபோகும். எவ்வளவு இறுக்கலாம் என்பதற்கு என் ஸ்டெம்மில் 5 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருக்கிறது, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து அதோடு நிறுத்திவிடுகிறேன். முகத்தட்டின் மேல் இடைவெளியும் கீழ் இடைவெளியும் ஒரே அளவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கார்பன் ஹேண்டில்பார் என்றால் சைக்கிள் கடைக்காரரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

இந்த மவுண்ட் போட்டு பதினான்கு மாதம். தென்னை மரம் நெளிவது நின்றது.

மற்றதெல்லாம் சில்லறை. நொடிக்கு 60 மெகாபிட்டில் பதிந்தால் மணிக்கு 27 ஜி.பி. ஆகும், 128 ஜி.பி. கார்டு நாலரை மணி நேரத்துக்கு வரும். அதற்குள் நான் மூன்று பேட்டரி மாற்றுவேன். ஆரம்பத்தில் பொள்ளாச்சி ரோட்டை வீட்டிலிருந்தே பதிந்துகொண்டு போய், வால்பாறை மலை ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவில் ஒன்பதாவது கூட வரவில்லை, பேட்டரி தீர்ந்தது. இப்போது சமவெளியில் பழையதை அழித்து அதன்மேலேயே பதிகிற லூப் பதிவு மட்டும், அதுவும் ஏதாவது வண்டி உரசினால் ஆதாரத்துக்காக. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் வெளிச்சம் வரும்வரை பதிவே வேண்டாம். இருட்டில் ஷட்டர் மெதுவாகிவிடும், ஸ்டெபிலைசேஷன் படத்தை நேராக்கினாலும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கலங்கல் விழும். தெருவிளக்கு மினுக்குகிறது என்றால் செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸ் இருக்கும், நம் ஊர் மின்சாரத்துக்கு 50.

தீராத தொல்லை ஒன்று உண்டு, காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்குத்தான் பல்லடத்திலும் உடுமலையிலும் அத்தனை காற்றாலை நிற்கிறது. அந்த மாதங்களில் மேற்கே பார்த்து மிதித்தால் படத்தில் வெறும் 'ஹோ' என்ற சத்தம்தான். மைக்குக்கு மேல் கருப்புப் பஞ்சு உறை ஒன்று மாட்டினேன், பரவாயில்லாமல் இருந்தது. போன ஆடியில் ஆழியாறு தாண்டி குரங்கு அருவிப் பக்கம் டீ குடிக்க நிறுத்தியிருந்தேன், கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குரங்கு வந்து ஹேண்டில்பாரில் உட்கார்ந்து, அந்தப் பஞ்சைத் தின்பண்டம் என்று நினைத்ததோ என்னவோ, கேமராவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தது. பஞ்சு போய்விட்டது. கேமரா இம்மி நகரவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு இழுக்கிற அதன் முகம் ஆடாமல் அசையாமல் பதினோரு விநாடி பதிவாகியிருக்கிறது. பட்டறை அண்ணனுக்கு அனுப்பினேன், அதைத்தான் அவர் இப்போது வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸாக வைத்திருக்கிறார்.