கீமுன், தியென்ஹோங், லாப்சாங்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

கீமுன், தியென்ஹோங், லாப்சாங் போன்ற சீனப் பிளாக் டீ வாங்கிய பலர் ஒரு வாரத்துக்குள் டப்பாவை மூடி வைத்துவிடுகிறார்கள். ஒருவருக்கு அது வெறும் வெந்நீர் மாதிரி இருக்கும், இன்னொருவருக்கு நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு. பெரும்பாலும் இலை மேல் குற்றமில்லை. நம் கை சி.டி.சி. தூளுக்கு, அதாவது இயந்திரத்தில் நசுக்கிச் சுருட்டிய வழக்கமான டீத் தூளுக்கு, பழகிய கை. அந்தத் தூளில் கொதிநீர் பட்டதும் சாயமும் துவர்ப்பும் ஒரே மூச்சில் இறங்கிவிடும். பாலும் சர்க்கரையும் அதைச் சமன் செய்துவிடும். சீனப் பிளாக் டீ இலையை வாட்டி, முறுக்கி, நிறம் மாறும்வரை காற்றில் வைத்து, பிறகு காயவைத்தது. சாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். அதனால் இலையைக் கூட்டி, நேரத்தைக் குறைத்து, அதே இலையில் ஐந்தாறு முறை ஊற்றிக் குடிக்கிறார்கள்.

இதற்கு 100 முதல் 120 மி.லி. பிடிக்கும் பீங்கான் கைவான், அதாவது மூடியும் தட்டும் உள்ள கிண்ணம், ஒன்று போதும். களிமண் குடுவை அழகுதான். ஆனால் அது வாசனையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். புகை மணமுள்ள லாப்சாங் போட்ட குடுவையில் கீமுன் போட்டால் கீமுன் காணாமல் போய்விடும். கைவானைவிட முக்கியமாக நான் சொல்வது 0.1 கிராம் வரை காட்டும் சின்ன எடைத்தராசு. மொட்டு நிறைந்த தியென்ஹோங் புசுபுசுவென்று இருக்கும், கீமுன் மெல்லிய கம்பி போல அடர்ந்து கிடக்கும். ஒரே கரண்டியில் அள்ளினாலும் கீமுன் ஏறக்குறைய இருமடங்கு எடை நிற்கும். கரண்டிக் கணக்கில் போடுகிறவர்களுக்கு ஒரு நாள் போல் மறுநாள் அமையாததற்கு இதுதான் காரணம்.

ஊற்றும் விதத்தில்தான் அதிகம் கெடுகிறது. கைவானின் விளிம்பு வெளியே விரியத் தொடங்கும் இடம்வரை மட்டும் தண்ணீர் விட வேண்டும். அதற்கு மேல் போனால் விளிம்பு சுட்டு, கை தயங்கும். மூடியை லேசாகச் சாய்த்து மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு இடுக்கு விட்டு, ஆள்காட்டி விரலை மூடிக்குமிழ் மேல் வைத்து, ஒரே சாய்ப்பில் கடைசிச் சொட்டுவரை வடித்துவிட வேண்டும். வடிக்கும்போதும் இலை ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. பத்து விநாடி என்று எண்ணிவிட்டு இன்னும் பத்து விநாடி தயங்கி ஊற்றினால் அது இருபது விநாடிக் கணக்கு. அடியில் ஒரு ஸ்பூன் டிகாக்ஷன் தங்கினால்கூட அது ஊறிக் கறுத்து அடுத்த சுற்றைக் கசப்பாக்கும். வடித்ததும் மூடியைத் திறந்தே வையுங்கள். மூடிய வெப்பத்தில் இலை அவிந்து மணம் மங்கிவிடும்.

தொடங்குபவர்களுக்கு தியென்ஹோங்தான் சரி. சிறு தவறுகளை அதிகம் காட்டிக்கொடுக்காது. தென்மேற்குச் சீனாவின் யுன்னான் மாகாணத்துப் பெரிய இலைச் செடியிலிருந்து வருவது. ஜப்பானுடனான போரில் கிழக்குச் சீனத் தேயிலைப் பகுதிகள் துண்டிக்கப்பட்டபோது தேயிலை வல்லுநர் ஃபெங் ஷாவோசியு யுன்னானுக்கு அனுப்பப்பட்டார். 1939இல் இன்றைய ஃபெங்சிங்கில் இந்த வகை உருவானது. 110 மி.லி.க்கு 5 கிராம். பொன்மொட்டு அதிகமிருந்தால் 85–90 டிகிரி, இலை அதிகமிருந்தால் 95. முதல் ஊற்று 10 விநாடி. இரண்டாவதில் இலை விரிந்துவிட்டிருக்கும் என்பதால் 8 போதும். பிறகு சுற்றுக்கு 5 விநாடியாகக் கூட்டலாம், ஐந்தாவதுக்கு மேல் தாராளமாக. தேன், சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கடைசியில் லேசாக மிளகு. வடித்த டீ ஆறும்போது பால் கலந்தது போல் கலங்கினால் பயப்பட வேண்டாம். காஃபீனும் டீயின் நிறப்பொருள்களும் குளிர்ச்சியில் சேர்ந்துகொள்வதுதான் அது. சாரம் நிறைந்த டீயில்தான் நடக்கும், சூடாக்கினால் தெளிந்துவிடும்.

கீமுன் வேறு ரகம். அன்ஹுய் மாகாணத்துக் கீமுன் வட்டாரம் முன்பு பச்சைத் தேயிலைக்குப் பெயர் போனது. 1875வாக்கில் ஃபூஜியனிலிருந்து திரும்பிய யூ கான்சென் அங்கே பிளாக் டீ செய்முறையைக் கொண்டுவந்தார் என்பது பரவலான வரலாறு. இதன் ரோஜா சாயல் மணத்துக்கு ஜெரானியால் என்ற பொருளுக்குப் பெரும் பங்குண்டு. தரம் பிரிக்கையில் இலையைச் சன்னமாக வெட்டுவதால் சாரம் வேகமாக இறங்கும். 4 கிராம், 90 டிகிரி, முதல் மூன்று சுற்றும் 5 முதல் 8 விநாடி. 15 விநாடியைத் தொட்டால் ரோஜா மறைந்து புளிப்பு தலைதூக்கும். நான்கைந்து சுற்றில் முடிந்துவிடும், அது குறையல்ல. பீங்கான் மூடியின் உட்புறத்தை முகர்ந்து பாருங்கள். கோப்பையில் கிடைக்காத மணம் அங்கே இருக்கும். எல்லாம் சரியாகச் செய்தும் புளித்தால் தயாரிப்பில் பிழை: இலை நிறம் மாற அளவுக்கு மீறிக் காற்றில் விடப்பட்டிருக்கும், அல்லது காயவைப்பது தாமதமாகியிருக்கும். அதற்கு நம்மிடம் மருந்தில்லை.

லாப்சாங் சூசோங் ஃபூஜியன் மாகாணத்து வூயி மலையின் தோங்மு கிராமத்துச் சரக்கு. பைன் மரப் புகையில் வாட்டிக் காயவைப்பது. நல்லதில் புகைக்கு அடியில் லிச்சி போன்ற லோங்கன் பழம் உலர்ந்தால் வரும் இனிப்பு இருக்கும். தார் வாடை மட்டும் அடித்தால் மட்டச் சரக்கு. கொதிநீரையே ஊற்றலாம், 5 கிராமுக்கு 10 விநாடி. புகையில்லாத வகையும் அங்கே செய்கிறார்கள்.

அதே தோங்முவில் 2005இல் பிறந்த ஜின் ஜுன் மெய் முழுக்க மொட்டுதான், விலையும் அதற்கேற்றபடி. ஏமாற்று அதிகம். அங்கத்திய சிறு இலைச் செடியின் மொட்டு மெலிந்து, கறுப்பும் பொன்னும் கலந்திருக்கும். டப்பா முழுக்கப் பளபளக்கும் தங்க நிறத்தில் தடித்த மொட்டு இருந்தால் அது பெரும்பாலும் வேறு ஊர்ச் சரக்கு. குடிக்க நன்றாகவே இருக்கலாம், ஆனால் அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை.

தண்ணீரைச் சரிசெய்யாமல் விலை உயர்ந்த இலை வாங்குவது வீண். போர்வெல் தண்ணீரில் டீ கறுத்து மேலே ஆடை படியும். உப்பை முழுக்க நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரில் ருசி தட்டையாக இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவான டி.டி.எஸ். 50 முதல் 100க்குள் இருந்தால் நல்லது. ஊட்டியில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் சுமார் 92–93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே கீமுனுக்கு ஆறவைக்கவே தேவையில்லை, லாப்சாங்குக்குச் சில விநாடி கூட்டுங்கள்.

புதுச் சரக்கு வந்ததும் ஒருமுறை கொடூரமாகச் சோதித்துவிடுங்கள்: 3 கிராம், 150 மி.லி. கொதிநீர், மூடி ஐந்து நிமிடம். தேயிலை மதிப்பீட்டாளர்கள் செய்வது இதுதான். புளிப்பு, கருகல், பூசணம் எதுவும் ஒளிய முடியாது. கோப்பை விளிம்பில் பொன்வளையம் தெரிகிறதா பாருங்கள். வடித்த இலையை வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். செம்பு நிறத்தில் மெத்தென்று இருந்தால் நல்லது. பச்சைத் திட்டு தெரிந்தால் நிறமாற்றம் பாதியில் நின்றது, விறைத்துக் கறுத்திருந்தால் தீ மிஞ்சியது.

சேமிப்பில் ஈரம்தான் எதிரி. கடலோர ஊர்களில் டப்பாவை அடிக்கடி திறந்தால் இரண்டு மாதத்தில் மணம் மங்கிவிடும். 50 கிராமாக வாங்கி, ஒரு வாரத்துக்கானதைச் சின்ன டப்பாவில் பிரித்து, மீதியைக் காற்றுப்புகாத பையில் ஒட்டி வையுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுக்கும்போது வேர்த்து இலை நனையும். மசாலா அலமாரிப் பக்கமே வேண்டாம், லாப்சாங்கையும் மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். இப்படி வைத்த தியென்ஹோங் இரண்டு ஆண்டுவரை நன்றாக இருக்கும். கீமுனை ஓராண்டுக்குள் முடித்துவிடுங்கள், அதன் பூமணம்தான் முதலில் போகும்.