விட்னி தோட்டம்: மாளிகையைக் கடைசியில் காட்டும் சுற்றுலா

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றை ஒட்டிச் செல்லும் ஆற்றுச் சாலையில், பழைய கரும்புத் தோட்ட மாளிகைகள் பல இன்றும் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்வையாளர்களை அனுமதிக்கின்றன. ஓக் மரங்கள் வரிசை கட்டிய நடைபாதை, வெள்ளைத் தூண்கள், பீங்கான் பாத்திரங்கள், அவற்றை வாங்கிய குடும்பத்தின் கதை என்று நெடுங்காலமாக ஒரே மாதிரியாக நடந்துவந்த சுற்றுலா இது. இத்தகைய தோட்டங்களைத் திருமண மண்டபங்களாக விளம்பரப்படுத்துவதைக் குறைத்துக்கொள்வதாகப் படப் பகிர்வு இணையதளமான பின்டரெஸ்ட் 2019 டிசம்பரில்தான் அறிவித்தது என்பதிலிருந்தே, இந்த வணிகம் எவ்வளவு காலம் கேள்வி கேட்பாரற்று நடந்தது என்பதை ஊகிக்கலாம். நியூ ஆர்லியன்ஸிலிருந்து மேற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரக் கார் பயணத்தில் இருக்கும் விட்னி தோட்டம் இந்த வழக்கத்தைத் தலைகீழாக மாற்றியிருக்கிறது. அங்கே அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த மனிதர்களே கதையின் மையம். மாளிகை கடைசியில்தான் வருகிறது.

ஜெர்மனியிலிருந்து குடியேறிய அம்ப்ருவாஸ் ஹைடல் 1752-இல் நிறுவிய இத்தோட்டத்தில் முதலில் அவுரியும் பின்னர் கரும்பும் பயிரிடப்பட்டன. 1990-இல் ஃபார்மோசா என்ற தைவான் வேதித்தொழில் நிறுவனம் ஆலை கட்டுவதற்காக இந்த நிலத்தை வாங்கியது; அந்தத் திட்டம் கைவிடப்பட்ட பிறகு, 1999-இல் நியூ ஆர்லியன்ஸ் வழக்கறிஞர் ஜான் கம்மிங்ஸ் இதை வாங்கினார். செனகல் நாட்டு வரலாற்றாய்வாளர் இப்ராஹிமா செக்கின் துணையோடு அவர் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு உருவாக்கிய அருங்காட்சியகம் 2014 டிசம்பரில் திறக்கப்பட்டது. 2019-இல் அவர் அதை ஒரு லாபநோக்கற்ற அமைப்புக்கு வழங்கிவிட்டார்.

சுற்றின் தொடக்கத்திலுள்ள சிறிய மரத் தேவாலயத்தில் வுட்ரோ நாஷ் வடித்த குழந்தைச் சிலைகள் நிற்கின்றன. 1930-களின் பிற்பகுதியில், அடிமைமுறையை நேரில் அனுபவித்து அப்போதும் உயிரோடிருந்த முதியவர்களை, வேலையற்ற எழுத்தாளர்களுக்கு வேலை தர அமெரிக்க அரசு நடத்திய எழுத்தாளர் திட்டம் தேடிச்சென்று பேட்டி கண்டது. 2,300-க்கும் மேற்பட்ட பேட்டிகள் திரட்டப்பட்டன. பேட்டி கொடுத்தவர்கள் 1865-இல் அடிமைமுறை ஒழிந்தபோது பெரும்பாலும் சிறுவர் சிறுமியராக இருந்தவர்கள் என்பதால்தான் சிலைகளும் குழந்தைகளாக இருக்கின்றன. அந்த வாக்குமூலங்களில் ஒன்றின் சில வரிகளைத் தாங்கிய அட்டை ஒன்று பார்வையாளரின் கழுத்தில் தொங்கும். ஒரு குழந்தையின் பெயரோடு நடக்கத் தொடங்குபவர் பேசும் தொனியே வேறாகிவிடுகிறது என்பதை உடன் வருபவர்களைக் கவனித்தாலே உணரலாம்.

ஆனால் அந்தப் பேட்டிகளைப் பற்றி அருங்காட்சியகம் இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியிருக்கலாம் என்பது என் கருத்து. ஏனென்றால் அவை அடிமைமுறையைப் பற்றிய ஆவணங்கள் மட்டுமல்ல. இனம் குறித்து யார் யாரிடம் எதைப் பேச முடியும் என்பதற்கும் அவையே சான்று. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் வாழ்ந்த சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டியை 1937-இல் இருவர் தனித்தனியே பேட்டி கண்டனர். ஒருவர் வெள்ளைக்காரப் பெண்மணி. மற்றவர் கறுப்பின ஆண். முதல் பேட்டியில் உரிமையாளர் இரக்க குணமுள்ளவராக வருகிறார். இரண்டாவதில் சாட்டையடியும், விற்கப்பட்டுப் பிரிந்துபோன குடும்பங்களின் அழுகையும் வருகின்றன. சொன்னவர் ஒருவரே; அவர் வாழ்ந்ததும் ஒரே வாழ்க்கைதான். எதிரில் உட்கார்ந்தவர் மாறியபோது சொல்லக்கூடியது மாறிவிட்டது. தங்களுக்கு முதியோர் உதவித்தொகை கிடைக்கச் செய்யக்கூடிய அரசு அலுவலர்கள் என்று பேட்டியாளர்களை எண்ணிய முதியவர்கள் பலர் இருந்தனர். வெள்ளையர் ஒருவரின் மனம் கோணும்படி பேசுவது உயிருக்கே ஆபத்தாக இருந்த காலமும் அது. கறுப்பினத்தவர் ஒருவர் அலுவலகத்திலோ அண்டை வீட்டாரிடமோ தம் அனுபவத்தில் எவ்வளவைச் சொல்வது, எவ்வளவை விழுங்கிக்கொள்வது என்று இன்றும் கணக்கிட வேண்டியிருக்கிறது என்றால், அந்தக் கணக்கு எத்தனை பழையது என்பதை இந்த இரண்டு பேட்டிகளையும் அடுத்தடுத்துப் படிப்பவர் புரிந்துகொள்வார்.

தேவாலயத்தைத் தாண்டினால் பெயர்கள் வருகின்றன. இத்தோட்டத்தில் உழைத்தவர்களுக்கென ஒரு சுவரும், வரலாற்றாசிரியர் க்வென்டலின் மிட்லோ ஹாலின் பெயரால் அமைந்த கருங்கல் சுவர் வரிசையும் உள்ளன. லூசியானாவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களைப் பற்றி அவர் விற்பனைப் பத்திரங்களிலிருந்தும் சொத்துப் பட்டியல்களிலிருந்தும் திரட்டிய 1,07,000 பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் ஒற்றைப் பெயர்கள். குடும்பப் பெயர் கிடையாது. சொத்தாகப் பதிவானவருக்கு அது தேவைப்படவில்லை. 1850, 1860-ஆம் ஆண்டுகளின் கணக்கெடுப்புகளிலும் அடிமைகள் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் என்ற மூன்று குறிப்புகளாகத்தான் பெரும்பாலும் இடம்பெற்றார்கள். பெயரும் குடும்பப் பெயருமாக அவர்கள் கணக்கில் ஏறியது 1870-இல்தான். விருந்தொன்றில் பேச்சுக்காகக் கேட்கப்படும் “உங்கள் பூர்வீகம் எது?” என்ற சாதாரணக் கேள்வி, ஐரிஷ் அல்லது இத்தாலிய வழிவந்தவருக்குக் கிராமத்தின் பெயர் வரை விடையுள்ளதாகவும், பெரும்பான்மையான கறுப்பின அமெரிக்கருக்கு ஆறு தலைமுறைக்கு முன் முட்டி நிற்பதாகவும் இருப்பதற்கு இந்தச் சுவர்களே விளக்கம். சுவரில் விரலை ஓட்டித் தம் குடும்பத்துப் பெயரைத் தேடுபவர்களைப் பார்த்தபோது, அந்தக் கேள்வியை நானும் எத்தனை முறை யோசிக்காமல் கேட்டிருப்பேன் என்ற எண்ணம் வந்துபோனது.

விட்னியின் உண்மையான சேவை அதன் வழிகாட்டிகள்தான். அடிமைமுறை பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் சில வாக்கியங்கள் தவறாமல் வந்துவிடும்: என் முன்னோர் யாரும் அடிமை வைத்திருக்கவில்லை, நல்ல உரிமையாளர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதே. விவாதிப்பதற்காக அல்லாமல், தன் மனத்தை ஆற்றிக்கொள்வதற்காகவே பலர் இவற்றைச் சொல்கிறார்கள். எங்கள் குழுவிலும் நல்ல உரிமையாளர் பற்றிய கேள்வி வந்தது. வழிகாட்டி கோபப்படவும் இல்லை, அறிவுரை சொல்லவும் இல்லை. கரும்புச் சாறு காய்ச்சிய இரும்புக் கொப்பரைகளைச் சுட்டி அந்த வேலை எப்படி நடந்தது என்று விளக்கினார். உறைபனி விழுவதற்குள் கரும்பு முழுவதையும் வெட்டியாக வேண்டும். வெட்டிய கரும்பை உடனே பிழிந்தாக வேண்டும். ஆகவே அறுவடை மாதங்களில் ஆலை இரவு பகலாக ஓடியது. கொதிக்கும் சாற்றைப் பெரிய கொப்பரையிலிருந்து அடுத்தடுத்த சிறிய கொப்பரைகளுக்கு அகப்பையால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் கை தவறினால் உடல் வெந்துபோகும். கரும்புப் பகுதிகளின் சாவு விகிதத்தை ஈடுகட்ட மேலும் மேலும் ஆட்கள் விலைக்கு வாங்கப்பட்டார்கள். வெளிநாட்டு அடிமை இறக்குமதி 1808-இல் தடை செய்யப்பட்ட பின்பு, வடபகுதி அடிமை மாநிலங்களிலிருந்து தென்பகுதிக்கு விற்கப்பட்டும் இடம் மாற்றப்பட்டும் வந்தவர்கள் ஏறக்குறைய பத்து லட்சம் பேர். அவர்களுக்கான மிகப் பெரிய சந்தை நியூ ஆர்லியன்ஸ். உரிமையாளரின் குணம் எப்படிப்பட்டது என்று கேட்டவருக்கு, அந்தத் தொழில் எப்படிப்பட்டது என்று விடை கிடைத்தது. இப்படி ஒரு பேச்சை நடத்துவதற்குப் பயிற்சியும் அசாத்தியப் பொறுமையும் வேண்டும். ஒரே நாளில் பல குழுக்களிடம் இதே கேள்விகளைச் சந்திக்கும் வழிகாட்டிகளுக்கு அது எத்தகைய சுமை என்பதையும் கட்டணம் செலுத்துபவர் நினைத்துப்பார்க்கலாம்.

இந்த மாவட்டத்தில் அடிமைகளாகப் பிறந்து மூன்று வயதை எட்டாமல் இறந்துபோன 2,200 குழந்தைகளுக்கான நினைவிடம் தனியே உள்ளது. அதைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை.

1811 ஜனவரியில் சார்லஸ் டெஸ்லோன்ட்ஸ் தலைமையில் இந்த ஆற்றங்கரையில் வெடித்த கிளர்ச்சிக்கும் ஒரு நினைவிடம் உண்டு. கிளர்ச்சியாளர்களின் தலைகள் வெட்டப்பட்டு ஆற்றங்கரை நெடுகக் கழிகளில் குத்தி வைக்கப்பட்டதைச் சுட்டுமண் தலைகளால் காட்டியிருக்கிறார்கள். இது அதிர்ச்சிக்காகச் செய்யப்பட்டது என்று குறைகூறுவோர் உண்டு. நான் அவர்களோடு உடன்படவில்லை. அதிர்ச்சி தருவதற்காகவே அன்றைய தோட்டக்காரர்கள் அதைச் செய்தார்கள்; அடிமைகள் ஏன் எதிர்த்து நிற்கவில்லை என்று எளிதாகக் கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி இல்லை. எனினும் சிறு குழந்தைகளோடு செல்பவர்கள் முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது.

குறை என்று சொல்வதானால், இங்குள்ள எல்லாமே இந்த மண்ணுக்கு உரியவை அல்ல. தேவாலயம் விடுதலைக்குப் பின் கறுப்பின மக்கள் எழுப்பியது. ஆற்றின் மறுகரையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. குடில்களில் சில வேறு தோட்டத்தைச் சேர்ந்தவை. துருப்பிடித்த இரும்புச் சிறைக் கூண்டு 1868-இல், அதாவது அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பிறகு செய்யப்பட்டது. அதை அடிமைக் காலப் பொருளாக எண்ணிச் செல்பவர்கள் இருக்கக்கூடும் என்பது என் கவலை. உண்மையில் அதன் ஆண்டுதான் அதன் சிறப்பு. குற்றத்துக்கான தண்டனையாக மட்டும் கட்டாய உழைப்பை, அடிமைமுறையை ஒழித்த 13-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் அனுமதித்தது. அந்த வாசலின் வழியே கைதிகளைத் தோட்டங்களுக்கும் ரயில் பாதைகளுக்கும் வாடகைக்கு விடும் முறை நுழைந்தது. இதே மாநிலத்தின் அங்கோலா சிறை ஒரு பழைய தோட்டத்தின் மீதே அமைந்திருக்கிறது. கைதிகள் அங்கே இன்றும் வயலில் வேலை செய்கிறார்கள். 1865-க்குப் பிந்தைய இந்தத் தொடர்ச்சிக்கு இன்னும் கூடுதல் இடம் ஒதுக்கியிருந்தால், எல்லாம் முடிந்துபோன பழங்கதை என்பாருக்கு அந்தக் கூண்டே பதிலாக நின்றிருக்கும்.

ஹேடல் என்ற பெயரை இங்கே கேட்டுவிட்டு நகர முடியாது. ஹைடல் என்ற ஜெர்மானியப் பெயர் பிரெஞ்சு வாயில் மாறிய வடிவம் அது. இங்கே அடிமையாக இருந்த அன்னா என்ற பெண்ணுக்கும் உரிமையாளர் குடும்பத்து ஆண் ஒருவருக்கும் பிறந்த விக்டர் ஹேடலின் வழியில் வந்தவர்தான், நியூ ஆர்லியன்ஸின் முதல் கறுப்பின மேயரான எர்னஸ்ட் மோரியலின் மனைவி சிபில் ஹேடல் மோரியல். ஒரே குடும்பப் பெயரைச் சுமக்கும் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஊரில் சந்தித்துக்கொள்ளும்போது, எப்படி உறவு என்ற கேள்வியை இருவருமே கேட்காமல் விடுவது தெற்கில் பழகிப்போன மரியாதை. விட்னியில் அந்த உறவு வாய்விட்டுச் சொல்லப்படுகிறது.

இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர்கள் இந்த வரலாற்றில் தங்களுக்குப் பங்கில்லை என்று ஒதுங்கிக்கொள்வது வழக்கம். குடியுரிமையைச் சுதந்திரமான வெள்ளையர்களுக்கு மட்டும் என்று வரையறுத்த 1790-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறையின் காலத்துச் சட்டம். விடுதலைக்குப் பின், 1870-இல், அது ஆப்பிரிக்க வழியினருக்கும் விரிந்தது. ஆனால் வெள்ளையர் என்ற சொல் நீடித்தது. அதைக் காட்டியே 1923-இல் இந்தியாவிலிருந்து குடியேறிய பகத் சிங் திந்த் என்பவருக்குக் குடியுரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்மவர் பெருமளவில் உள்ளே வர வழி செய்த 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டமோ, கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டம் உருவாக்கிய அரசியல் சூழலில் பிறந்தது. எனவே குழுவில் மூன்றாம் ஆளாக நின்று கேட்டுக்கொண்டிருக்கும் வசதி நமக்கும் முழுமையாக இல்லை.

செவ்வாய்க்கிழமைகளில் விடுமுறை என்பதை நினைவில் கொள்ளவும். ஒலிவழிகாட்டியோடு தனியாகச் சுற்றும் வாய்ப்பும் உண்டு. அதைவிட ஆள் வழிகாட்டும் சுற்றையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன், ஏனென்றால் மற்றவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதும் இங்கே பார்க்க வேண்டிய காட்சிகளில் ஒன்று. பெரும்பகுதி திறந்தவெளி, கோடையில் தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் போகக் கூடாது. சுற்று முடிந்ததும் உடனே நெடுஞ்சாலைக்குத் திரும்பிவிடாமல் ஆற்றுச் சாலையிலேயே சிறிது தூரம் ஓட்டிச் செல்லுங்கள். பழைய தோட்டங்கள் இருந்த நிலங்களில் வேதி ஆலைகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் நிற்பதையும், அவற்றின் வேலியோரமாகவே விடுதலை பெற்றவர்களின் வழிவந்தோர் வாழும் சிற்றூர்கள் இருப்பதையும் காணலாம். விட்னியை அடுத்த வாலஸ் ஊரில் திட்டமிடப்பட்டிருந்த பிரம்மாண்டமான தானிய ஏற்றுமதி முனையம், உள்ளூர்க் கறுப்பின மக்களின் நீண்ட எதிர்ப்புக்குப் பின் 2024 ஆகஸ்டில் கைவிடப்பட்டது. அதைப் பற்றி வழிகாட்டியிடம் கேளுங்கள். அதற்காகச் சுற்றின் முடிவில் பத்து நிமிடங்களை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.