தலைவிதியா, கைவேலையா?
யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் பக்கத்துப் பக்கத்து வெங்காயத் தோட்டங்கள். ஒரே மழையில் இரண்டும் அழுகின. ஒருவர் “எல்லாம் தலைவிதி” என்று திண்ணையில் சாய்ந்துவிட்டார். மற்றவர் மறுநாளே மண்வெட்டியோடு வாய்க்கால் வெட்டினார், சேற்றுக்கால் கழுவாமலே தேநீர் குடித்துக்கொண்டு.

இந்த வேறுபாட்டை அளக்க அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ரொட்டர் 1966இல் 29 இணைக் கூற்றுகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார்; ஒவ்வோர் இணையிலும் தனக்குப் பொருந்தும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘எல்லாம் என் கையில்’ என்பவர் சிக்கலில் வழி தேடுவார். உளவளத்துணையில் (மனநல ஆலோசனையில்) தானே பேசித் தெளிய விரும்புவார். ‘விதி’ என்பவருக்குப் பெரும்பாலும், இந்த வாரம் இதைச் செய்யுங்கள் என்று படிப்படியாகச் சொல்லும் முறையே பொருந்தும்.

என் சாய்வு மண்வெட்டிக்காரர் பக்கம். ஆனால், போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் “எல்லாம் உங்கள் கையில்” என்பது கொடுமை. அங்கே ‘விதி’ என்ற சொல்தான் அவரைத் தன்மேல் பழி போட்டுக்கொள்ளாமல் தூங்க வைக்கிறது.