கிளிக்கரா, கைப்பேசியா? பைட்விங் வகுப்பில் நான் எடுத்த முடிவு

போன செமஸ்டர் தொடங்கும்போது விரிவுரைக் கூடத்து அலமாரியைத் திறந்தோம். நம்பர் ஒட்டிய 60 கிளிக்கர்கள் ஸ்பாஞ்சுப் பெட்டியில் வரிசையாகக் கிடந்தன. பார்க்க டிவி ரிமோட்டின் தம்பி மாதிரி இருக்கும். மாணவர் பட்டனை அழுத்தினால், கணினியில் செருகிய ரிசீவர் ரேடியோ அலையில் பதிலை வாங்கித் திரையில் பட்டை பட்டையாகக் காட்டும். அழுத்திப் பார்த்ததில் 17 செத்துக் கிடந்தன.

"பேட்டரிக்குப் போன வருஷமே போராங் (படிவம்) அனுப்பிட்டேன் டாக்டர். இன்னும் வரலை" என்றார் கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் அண்ணன்.

கோலாலம்பூரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எக்ஸ்ரே படிக்கச் சொல்லித்தருகிறேன். கேள்வி கேட்டால் கை தூக்க மாட்டார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் "மாலு, டாக்டர்" (வெட்கமா இருக்கு) என்பார்கள். பெயர் தெரியாமல் பதில் சொல்ல ஒரு வழி வேண்டும். ஹார்வர்டில் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்தில் இயற்பியல் வகுப்பில் செய்து காட்டிய முறை எளிமையானது: கேள்வியைப் போடு, ஓட்டெடு, பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விடு, மறுபடி ஓட்டெடு. முதல் ஓட்டில் சரியான பதில் ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதத்துக்குள் விழுந்தால்தான் வாதம் சூடு பிடிக்கும். எதை வைத்து ஓட்டெடுப்பது என்பதில்தான் எனக்குக் குழப்பம்.

கைப்பேசியில் ஆடும் வினாடி வினாச் செயலியான காஹூட்டை ஒரு வாரத்தில் விட்டுவிட்டேன். பாட்டும் பந்தயமுமாக வகுப்பு களை கட்டும், சந்தேகமில்லை. ஆனால் சீக்கிரம் அழுத்துகிறவருக்கு அதிகப் புள்ளி. எக்ஸ்ரேயை நின்று நிதானமாகப் பார் என்று தொண்டை வறளக் கத்திவிட்டு, முந்தி அழுத்தியவருக்குக் கைதட்டினால் எப்படி? பிளிக்கர்ஸ் வேறு ரகம். மாணவர் கையில் காகித அட்டை மட்டும் இருக்கும். அதை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார் என்பதுதான் பதில். ஆசிரியர் தன் கைப்பேசிக் கேமராவால் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தால் போதும். ஒரு தமிழ்ப்பள்ளிக்குப் பல் துலக்கும் பாடம் எடுக்கப் போனபோது ஒரே ஒரு முறை பயன்படுத்தினேன். கைப்பேசி கொண்டு வராத பிள்ளைகளுக்கு அருமையான சாமான். கல்லூரியில் அதை நான் முயன்றதில்லை.

மிஞ்சியது கிளிக்கரும், கைப்பேசியிலேயே பதில் சொல்லும் மென்டிமீட்டரும். கிளிக்கருக்கு வைஃபை தேவையில்லை, அதில் வாட்ஸ்அப் பார்க்க முடியாது, எந்த நம்பர் யாருடையது என்று பதிந்துவிட்டால் மதிப்பெண்ணும் போடலாம். பேட்டரி, கொடுத்து வாங்கும் பத்து நிமிடம், தொலைந்துபோகும் இரண்டு மூன்று என்று தொல்லை உண்டுதான். ஆனால் எக்ஸ்ரே வகுப்பில் நான் கிளிக்கரை ஓரம் வைத்ததற்கு அவை காரணமில்லை. காரணம் ஒரு பல்: 36.

இடது கீழ்த்தாடையின் முதல் பெரிய கடைவாய்ப்பல் அது. ஒரு பைட்விங் படத்தில் (பல்லைக் கடித்தபடி எடுக்கும் எக்ஸ்ரே) அதன் பின்பக்கம், அடுத்த பல்லான 37 வந்து முட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே, எனாமலைத் தாண்டி உள்ளடுக்கான டென்டின் வரை போன சொத்தை. கிளிக்கரில் கேட்டேன்: சொத்தை எங்கே? ஏ, முன்பக்கம். பி, பின்பக்கம். சி, மேற்பரப்பு. டி, சொத்தையே இல்லை. 43 பேரில் 34 பேர் பி. எனக்கு ஒரே சந்தோஷம், வாதமே வேண்டாம் என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

மறுவாரம் மென்டிமீட்டரை முயலும்போது, சோம்பல்பட்டு அதே படத்தையே போட்டேன். இந்த முறை ஏபிசிடி இல்லை. படத்தின் மேல் விரலால் புள்ளி வைக்கும் வகைக் கேள்வி. புள்ளிகள் மழைத்துளி மாதிரி விழுந்தன. பாதிக்குப் பாதி, பல்லின் கழுத்தில்! பின்பக்கம்தான், ஆனால் சொத்தை அங்கே இல்லை. கழுத்துப் பகுதி ஒடுங்கி இருக்கும். மேலே எனாமலும் கீழே எலும்பும் கதிரைத் தடுக்க, நடுவில் அது சுலபமாக ஊடுருவிப் படத்தில் கறுப்பாக விழும். செர்விகல் பர்ன்அவுட் என்போம், வெறும் நிழல். முந்திய வாரம் பி அழுத்திய பலர் இந்த நிழலைப் பார்த்துத்தான் அழுத்தியிருக்க வேண்டும். பதில் சரி, பார்த்தது தப்பு. நாளைக்கு நாற்காலியில் ஒரு நோயாளி படுத்திருக்க, இல்லாத சொத்தைக்கு இவர்கள் டிரில்லை எடுப்பார்கள்.

அன்றைக்குத்தான் வாதம் சூடு பிடித்தது. "எலும்பு விளிம்பைப் பார்டா, இந்தக் கறுப்பு அதுக்கு மேலேயே இருக்கு, நிழல்தான்" என்று பின்வரிசையில் ஒருவன் இன்னொருவனின் கைப்பேசியில் தொட்டுக் காட்டினான். இரண்டாம் ஓட்டில் கழுத்தில் ஆறோ ஏழோ புள்ளிதான்.

ஊசி மருந்துக் கணக்கிலும் இதே கதை. 20 கிலோ எடையுள்ள குழந்தை, 2 சதவீத லிக்னோகெயின் (மரத்துப்போக வைக்கும் மருந்து), கிலோவுக்கு 4.4 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, ஊசியில் செருகும் 2.2 மில்லி மருந்துக் குழாய், அதாவது காட்ரிட்ஜ், எத்தனை வரை? இரண்டு. எண்ணை அவர்களையே எழுதச் சொன்னபோது ஒரு பதில் 20 என்று வந்தது. மில்லிக்கு 20 மில்லிகிராம் என்பதை 2 என்று எடுத்துக்கொண்டால் அப்படித்தான் வரும். ஏபிசிடி போடும்போது 20 என்று ஒரு விடை வைக்க எனக்குத் தோன்றியிருக்காது. (எழுதியவர் யார் என்று தேடவில்லை. தெரிந்தால் எனக்குத் தூக்கம் போகும்.) மென்டிமீட்டர் மாதிரியே உள்ள வூக்லாப், போல் எவ்ரிவேர் இரண்டிலும் படத்தில் தொட்டுக் காட்டும் வசதி உண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற எனக்குப் பெரிய காரணம் தெரியவில்லை.

கைப்பேசியிலும் சனியன்கள் உண்டு. ஓட்டெடுப்பில் சேர்வதற்கான குறியீட்டு எண் வாட்ஸ்அப்பில் பறந்துவிடும். 47 பேர் உட்கார்ந்திருந்த வகுப்பில் ஒரு நாள் 52 பதில் வந்தது. மீதி ஐந்தும் ஹாஸ்டல் கட்டிலிலிருந்து. அதனால் வருகைப் பதிவுக்கோ மதிப்பெண்ணுக்கோ இதை நம்ப மாட்டேன். சின்னத் திரையில் முழு ஓபிஜி படத்தை (எல்லாப் பல்லும் தெரியும் எக்ஸ்ரே) போட்டால் கட்டைவிரல் நாலு பல்லை மறைக்கும்; இரண்டு மூன்று பல் அளவுக்கு வெட்டித்தான் ஏற்றுகிறேன். ஏற்றுவதற்கு முன் படத்தின் மூலையில் இருக்கும் நோயாளியின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் அழித்துவிடுங்கள். வெளிநாட்டு சர்வருக்குப் போகிற படம் அது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நம்மை நம்பி வாயைத் திறந்தவரின் படம். இலவசக் கணக்கில் ஆள் வரம்பு இருப்பதால் காசும் கட்ட வேண்டி வந்தது.

இதனால் தேர்வு மதிப்பெண் ஏறுமா என்று கேட்டால், இரண்டு வகுப்பை வைத்துக்கொண்டு நான் வாய் திறக்க மாட்டேன். 60 பேருக்கு மேல் போகும் வகுப்பிலும் எனக்கு அனுபவமில்லை.

கிளிக்கர்களைத் தூக்கிப் போடவும் இல்லை. கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லும் குறுந்தேர்வுகளுக்கு அவைதான். பேட்டரி போன வாரம் வந்துவிட்டது. அண்ணன் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறார்.