ராவ்4 வாகனத்துக்கு மொபில் 1 0டபிள்யூ-20 என்ஜின் ஒயில்: ரொறன்ரோக் குளிரில் ஒரு மதிப்பீடு

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பகுதிகளில் நம்மவர் வீட்டு வாசல்களில் அடிக்கடி காணக்கூடிய குடும்ப எஸ்யூவிகளில் ரொயோட்டா ராவ்4 ஒன்று. ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரத் தொழிற்சாலையிலும் 2008 முதல் தயாராகும் இவ்வாகனத்தின் 2013 முதல் 2018 வரையான தலைமுறை, 2ஏஆர்-எஃப்ஈ எனப்படும் 2.5 லீற்றர் பெற்றோல் என்ஜினைக் கொண்டது. அந்தத் தலைமுறை ராவ்4 ஒன்றில் மொபில் 1 அட்வான்ஸ்ட் ஃபியூவல் எக்கொனமி 0டபிள்யூ-20 ஒயிலைப் பல குளிர்காலங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒயில் மிக நல்லது, குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆயினும் முழு விலை கொடுத்து இதை வாங்கத்தான் வேண்டும் என்று யாருக்கும் நான் சொல்லமாட்டேன். இதே தரச்சான்று பெற்ற வேறொரு 0டபிள்யூ-20 ஒயிலை மலிவாக வாங்கி, உரிய காலத்தில், உரிய முறையில் மாற்றுபவருடைய என்ஜினும் இதே அளவுக்குப் பாதுகாக்கப்படும்.

முதலில் தடிப்பைப் பற்றிப் பேசவேண்டும், ஏனெனில் நம்மவர்களிடையே இதில்தான் கருத்து வேறுபாடு அதிகம். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வாகனம் ஓட்டிப் பழகிய மூத்தவர்கள், 20டபிள்யூ-50 போன்ற தடித்த ஒயிலை விட்டே என்ஜின்களைப் பல ஆண்டுகள் காப்பாற்றியவர்கள். அந்த வெப்பத்துக்கும் அக்கால என்ஜின்களின் இடைவெளிகளுக்கும் அது பொருத்தமான தெரிவுதான். ஆனால் தண்ணீர்போல் ஓடும் 0டபிள்யூ-20 ஒயிலைப் பார்த்து, 'இது எப்படி என்ஜினைக் காக்கும்' என்று அவர்கள் இங்கும் கேட்கும்போது, இந்த என்ஜின் அதற்கென்றே வடிவமைக்கப்பட்டது என்பதை விளக்கவேண்டியிருக்கிறது. வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் விவிரி-ஐ அமைப்பு ஒயிலின் அழுத்தத்தாலேயே இயங்குகிறது. மிக ஒடுக்கமான வழிகளினூடாக ஒயில் விரைந்து சென்று சேர்ந்தால்தான் அது தன் வேலையைச் சரியாகச் செய்யும். உரிமையாளர் கையேடும் 0டபிள்யூ-20 ஒயிலையே குறிப்பிடுகிறது. அது கிடைக்காத இடத்தில் 5டபிள்யூ-20 விடலாம், ஆனால் அடுத்த மாற்றத்தின்போது மீண்டும் 0டபிள்யூ-20க்குத் திரும்பவேண்டும் என்றும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. அதிவேகப் பயணத்துக்கோ பெரும் சுமைக்கோ தடித்த ஒயில் கூடுதலாகப் பொருந்தக்கூடும் என்று கையேட்டில் ஒரு குறிப்பு இருப்பதும் உண்மை. ஆனால் பிள்ளைகளைப் பாடசாலைக்கும் நீச்சல் வகுப்புக்கும் ஏற்றி இறக்கும் வாகனத்துக்கு அந்தக் குறிப்பு எழுதப்படவில்லை.

இந்த எண்களுக்கு, வாகனப் பொறியியலாளர் சங்கமான எஸ்ஏஈயின் ஜே300 என்ற தரநிலையில் தெளிவான வரையறை உண்டு. 0டபிள்யூ என்று குறிக்கப்படும் ஒயில், பூச்சியத்துக்குக் கீழே 35 பாகை செல்சியஸில் என்ஜினைச் சுழலவிடும் அளவுக்கும், பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையில் பம்பினால் இழுக்கக்கூடிய அளவுக்கும் இளகியிருக்கவேண்டும். 5டபிள்யூ ஒயிலுக்கு இவை முறையே பூச்சியத்துக்குக் கீழே 30, 35 பாகைகள். பின்னால் வரும் 20 என்ற எண், 100 பாகை வெப்பத்தில் ஒயிலின் பாகுநிலை, அதாவது தடிப்பின் அளவு, 6.9 சென்ரிஸ்ரோக்ஸுக்குக் குறையாமலும் 9.3ஐ எட்டாமலும் இருப்பதைக் குறிக்கிறது. ரொறன்ரோவில் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையைத் தாண்டும் காலைகள் ஆண்டுக்குச் சிலவே என்பதால், வெறும் எண்களை வைத்துப் பார்த்தால் 5டபிள்யூ ஒயிலும் இங்கே வாகனத்தைக் கிளப்பிவிடும். வித்தியாசம் கிளப்பிய பிறகான முதல் நொடிகளில் இருக்கிறது. இரவு முழுவதும் வெளியில் உறைந்துகிடந்த என்ஜினின் மேற்பகுதிக்கு ஒயில் எவ்வளவு விரைவாக ஏறுகிறதோ, அவ்வளவுக்குத் தேய்மானம் குறையும். மொபில் 1 விடப்பட்ட எங்கள் வாகனம் ஜனவரி மாதக் காலைகளில் தயக்கமின்றிக் கிளம்புகிறது. கிளம்பியதும் என்ஜின் மேற்பகுதியில் சிறிது நேரம் கேட்கும் தகர ஓசையும் இல்லை.

கடையில் ஒயில் கலனைக் கையில் எடுப்பவர் முன்பக்கத்து வாசகங்களைக் கடந்து பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும். அங்கே வட்ட வடிவில் அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின், அதாவது ஏபிஐயின் முத்திரை இருக்கும். வட்டத்தின் மேற்பாதியில் எஸ்பி என்ற சேவைத் தரமும், நடுவில் 0டபிள்யூ-20 என்ற தடிப்பும், கீழ்ப்பாதியில் எரிபொருள் சிக்கனத்துக்கான குறிப்பும் அச்சிடப்பட்டிருக்கும். முன்பக்கத்தில் கதிர்கள் விரியும் நட்சத்திரம் போன்ற முத்திரை இருந்தால், அது வாகன உற்பத்தியாளர்கள் சார்ந்த ஐஎல்எஸ்ஏசி என்ற குழுவின் ஜிஎஃப்-6ஏ போன்ற தரத்தையும் எட்டியது என்று பொருள். எஸ்பி, ஜிஎஃப்-6 இரண்டும் 2020 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தன. 2025 மார்ச் இறுதியில் எஸ்கியூ, ஜிஎஃப்-7 என்ற அடுத்த தரங்களுக்கும் உரிமம் வழங்கத் தொடங்கிவிட்டார்கள். புதிய தரம் பழைய தரத்தின் இடத்தில் பயன்படத்தக்கது என்பதால், அலமாரியில் இரண்டில் எது கிடைத்தாலும் இந்த என்ஜினுக்குப் பொருந்தும். எஸ்பி தரத்தின் முக்கிய முன்னேற்றங்களில் ஒன்று, ரேர்போ பொருத்திய நேரடி எரிபொருள் உட்செலுத்து என்ஜின்களில் குறைந்த வேகத்தில் நேரும் முன்கூட்டிய எரிதலைத் தடுப்பது. எங்கள் 2.5 லீற்றர் என்ஜினில் ரேர்போவும் இல்லை, நேரடி உட்செலுத்தலும் இல்லை. ஆகவே அந்தச் சிக்கல் நமக்கில்லை. அதே தரத்தில் அடங்கிய, வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் ரைமிங் சங்கிலியின் தேய்மானச் சோதனைதான் நமக்குப் பயன்படுவது, ஏனெனில் இந்த என்ஜினிலும் சங்கிலிதான் இருக்கிறது.

இந்த முத்திரைகளைப் பார்த்து வாங்கினால், மொபில் 1, காஸ்ரோல், பென்சோயில், வல்வொலின், மிசிசாகாவில் தயாராகும் பெற்றோ-கனடா, ஏன், கனேடியன் ரயர் கடையின் சொந்தப் பெயரான மோட்டோமாஸ்ரர் வரை, முழு செயற்கை வகை 0டபிள்யூ-20 எதுவும் இந்த வாகனத்துக்குப் போதுமானது. நான் மொபில் 1ஐத் தொடர்வதற்குக் காரணம் எளிது. இது எங்கும் கிடைக்கிறது. ஆண்டில் பல தடவை பெருமளவு விலைக்கழிவும் வருகிறது, அவ்வேளையில் இரண்டு கலன்களாக வாங்கி வைத்துவிடுவேன். திறக்கப்படாத கலன் நிலவறையில் சில ஆண்டுகள் கெடாமல் இருக்கும். கலனின் அளவை மட்டும் கவனித்து வாங்குங்கள். சில பிராண்டுகள் 5 லீற்றராகவும், சில அமெரிக்க அளவான 4.73 லீற்றராகவும் வருகின்றன. இந்த என்ஜினுக்குப் பில்ரரோடு சேர்த்து 4.4 லீற்றர் தேவை என்பதால் இரண்டுமே போதும்; ஆனால் விலையை ஒப்பிடும்போது லீற்றர் கணக்கில் ஒப்பிடவேண்டும்.

எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது என்ற கேள்விக்கு, ஒயில் கலனில் எழுதியிருப்பதை விட உங்கள் வாகனம் ஓடும் விதமே சரியான பதிலைத் தரும். 0டபிள்யூ-20 செயற்கை ஒயிலோடு 16,000 கிலோமீற்றர் அல்லது ஓராண்டு என்பது ரொயோட்டா தரும் வழக்கமான எல்லை. கடுமையான பயன்பாடாக இருந்தால் அதைப் பாதியாக்கி, 8,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம் என்கிறார்கள். கடுமையான பயன்பாடு என்றதும் பலர் மலைப் பாதையையும் இழுவை வண்டியையும் நினைக்கிறார்கள். உறைநிலைக்குக் கீழே எட்டுக் கிலோமீற்றருக்கும் குறைவான பயணங்களை மீண்டும் மீண்டும் மேற்கொள்வதும் அந்தப் பட்டியலில் உண்டு. ஸ்காபரோவில் குளிர்காலக் குடும்ப வாகனம் ஒன்றின் நாளாந்த வாழ்வே அதுதான். பாடசாலை, தமிழ்க் கடை, கோவில் என்று ஐந்து நிமிட ஓட்டங்கள் ஓடி நிற்கும் என்ஜினில் ஒயில் ஒருபோதும் முழுவதாகச் சூடேறுவதில்லை. எரிதலில் உண்டாகும் நீராவியும் எரியாத பெற்றோலும் ஆவியாகி வெளியேற வழியின்றி ஒயிலிலேயே தங்கிவிடுகின்றன. பெப்ரவரியில் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தைப் பாருங்கள். வெண்மஞ்சள் நிறத்தில் களிம்பு போன்ற படலம் ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் இந்த ஈரந்தான். கூலன்ற் குறையாமல் இருந்து, நெடுஞ்சாலையில் ஒருமுறை நீண்ட தூரம் ஓடிய பின் அது மறைந்துவிட்டால் அஞ்சவேண்டியதில்லை. இப்படி ஓடும் வாகனத்தில் எவ்வளவு உயர்ந்த ஒயிலை விட்டாலும் 16,000 வரை இழுப்பதை நான் ஏற்கமாட்டேன். 8,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, அதிலும் ஒரு மாற்றத்தைக் குளிர்கால ரயர் பூட்டும் நவம்பரில் வருமாறு அமைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

மாற்றும் முறையில் இந்த என்ஜினுக்கென்று ஒரு தனித்தன்மை உண்டு. இதன் பில்ரர், முழுவதையும் கழற்றி எறியும் தகர உருளை அன்று. ஒரு மூடிக்குள் அமரும் தாள் உள்ளீடு. புதிய பில்ரர்ப் பெட்டிக்குள் அந்தத் தாள் உள்ளீட்டோடு பெரிய ரப்பர் வளையம் ஒன்று, சிறிய வளையம் ஒன்று, மூடியில் தேங்கிய ஒயிலை வடிக்க ஒரு சிறு பிளாஸ்ரிக் குழாய் ஆகியவை இருக்கும். வாகனத்தின் அடிக்கவசத்திலுள்ள சிறு கதவைத் திறந்து, முதலில் 14 மில்லிமீற்றர்த் தலையுள்ள போல்ற்றைக் கழற்றி என்ஜினின் அடித்தட்டு ஒயிலை வடிக்கவேண்டும். பிறகு மூடியின் நடுவிலுள்ள சிறு அடைப்பானைக் கழற்றி, அந்தக் குழாயைச் செருகினால் மீதி ஒயில் ஒழுங்காக வடியும். இந்தப் படியைத் தவிர்த்து மூடியை நேரே திருகிக் கழற்றுபவரின் முழங்கை வரை ஒயில் வழியும். மூடிக்கு 64 மில்லிமீற்றர் அளவும் 14 பட்டைகளும் கொண்ட தனிச் சாவி தேவை. பழைய ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டு, புதியதில் சிறிது ஒயில் தடவி, மூடியின் சரியான பள்ளத்தில் அது முறுக்கில்லாமல் அமர்ந்திருப்பதை விரலால் சுற்றித் தடவிப் பார்த்த பிறகே பூட்டவேண்டும். மூடிக்கு 25 நியூட்டன் மீற்றர், அடிப் போல்ற்றுக்குப் புதிய வோஷருடன் 40 நியூட்டன் மீற்றர் என்பவையே இறுக்க அளவுகள்.

இந்த இறுக்க அளவை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அவசரத்துக்கு ஒருமுறை விரைவுச் சேவை நிலையமொன்றில் வாகனத்தை விட்டபோது, ஒயில் என்னவோ நல்ல ஒயில்தான் விட்டிருந்தார்கள். ஆனால் மூடியை எவ்வளவு வன்மையாக இறுக்கியிருந்தார்கள் என்றால், அடுத்த தடவை நான் சாவியைப் போட்டபோது மூடியின் பட்டைகளே மழுங்கத் தொடங்கிவிட்டன. மூடியையே புதிதாக வாங்கவேண்டி வந்தது. அங்கே வேலை செய்பவர்களை நான் இழிவாகச் சொல்லவில்லை. அவர்களுக்குக் கொடுக்கப்படும் நிமிடங்கள் மிகக் குறைவு. ஆகவே வெளியில் கொடுத்து மாற்றுபவர்கள் எந்தப் பிராண்ட் ஒயில் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், பழைய தாள் உள்ளீட்டைக் காட்டும்படியும், இறுக்குவதற்கு ரோர்க் ரென்ச், அதாவது இறுக்கத்தை அளந்து காட்டும் சாவி, பயன்படுத்துகிறார்களா என்றும் தயங்காமல் கேட்கவேண்டும். வேலைச் சிட்டையில் தடிப்பையும் லீற்றரையும் எழுதி வாங்குங்கள். 4.4 லீற்றருக்குப் பதில் ஒரு கலன் முழுவதையும் ஊற்றிவிடும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. ஒயில் மட்டத்தைக் காட்டும் அளவுகோலின் மேல் குறிக்கு மேலே ஒயில் நிற்பதும் கீழ்க் குறிக்குக் கீழே இறங்குவதும் இரண்டுமே என்ஜினுக்குத் தீங்கு. வீட்டில் மாற்றும்போது முதலில் நான்கு லீற்றர் ஊற்றி, என்ஜினைச் சிறிது ஓடவிட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து அளவுகோலைப் பார்த்து மீதியைச் சேர்ப்பதே பாதுகாப்பானது.

எங்கள் வாகனத்தில் மாற்றத்துக்கும் மாற்றத்துக்கும் இடையே ஒயில் குறைவது அளவுகோலில் அரிதாகவே தெரிகிறது. முந்தைய 2.4 லீற்றர் 2ஏஇசட்-எஃப்ஈ என்ஜின்கள் சிலவற்றில் பிஸ்ரன் வளையம் காரணமாக ஒயில் எரிந்து குறைந்தது பலரும் அறிந்த செய்தி. அந்த என்ஜின் பூட்டிய 2008 வரையான ராவ்4 வைத்திருப்பவர்கள் எந்த ஒயிலை விட்டாலும் பெற்றோல் நிரப்பும்போதெல்லாம் அளவுகோலைப் பார்ப்பது அவசியம். 2019இலிருந்து வரும் ராவ்4இன் புதிய 2.5 லீற்றர் என்ஜினுக்கோ 0டபிள்யூ-16 என்ற இன்னும் இளகிய ஒயில் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த வாகனம் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் பார்த்து 0டபிள்யூ-20 வாங்கவேண்டாம். தங்கள் கையேட்டையே பின்பற்றட்டும்.

உத்தரவாதக் காலத்துக்குள் இருக்கும் வாகனம் என்றால் ஒயில், பில்ரர் இரண்டின் பற்றுச்சீட்டுகளையும், மாற்றிய திகதியையும், ஓடிய கிலோமீற்றரையும் ஒரே உறையில் சேர்த்து வையுங்கள். வடித்த ஒயிலை வெறுமையான அதே கலனில் திரும்ப ஊற்றி இறுக மூடி, மாநகராட்சியின் வீட்டு நச்சுக்கழிவு சேகரிக்கும் மையத்தில் கொடுக்கலாம். ஸ்காபரோவாசிகளுக்கு ரான்ஸ்பர் பிளேஸ் வீதியிலுள்ள மையம் அருகில் இருக்கிறது. ஐந்து லீற்றர்க் கலனில் மிஞ்சும் 600 மில்லிலீற்றர் புதிய ஒயிலை அதற்கு முன் சுத்தமான சிறு போத்தல் ஒன்றுக்கு மாற்றி, தடிப்பையும் திகதியையும் எழுதி ஒட்டி வைத்தால், இடையில் ஒயில் சற்றுக் குறைந்தால் மேலே சேர்க்க அதுவே போதும்.