அட்டையில் எழுதித் தரும் பன்னிரண்டு சொற்கள்: பினாங்கில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கிரிப்டோ வாலட், அதாவது இணைய நாணயங்களை வைக்கும் கைப்பேசிப் பணப்பை, திறந்து தருகிறோம் என்று சொல்லி, பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் எழுதிய அட்டையை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் அந்த வாலட்டில் ஒரு காசுகூடப் போடாதீர்கள். நான் போட்டேன். 8,200 வெள்ளி (ரிங்கிட்) மூன்றே நிமிடத்தில் போய்விட்டது.

பாயான் லெப்பாஸில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்த தொழிற்சாலை ஆள்குறைப்புச் செய்தபோது கிடைத்த இழப்பீட்டில் ஒரு பகுதி அது. மற்றதை வங்கியில் வைப்பாகப் போட்டுவிட்டு, இதை மட்டும் ஈதர் என்ற கிரிப்டோ நாணயத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். பேராசை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று யாரும் எனக்கு ஆசை காட்டவில்லை, நானும் அதைத் தேடிப் போகவில்லை. முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் போனேன்.

தைப்பூசம் முடிந்த மறு வாரம், லெபோ பாசாரில் ஒரு கடையின் மாடியில் ஒருநாள் வகுப்பு. கட்டணம் 120 வெள்ளி, முழுக்கத் தமிழில். பதினோரு பேர் இருந்தோம். பெரும்பாலும் என் வயதுப் பெண்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி வந்த ஒரு தம்பதி. பாடம் எடுத்த பையனுக்கு முப்பது வயது இருக்காது. எதைக் கேட்டாலும் சலிக்காமல், "அக்கா, இன்னொரு முறை சொல்கிறேன்" என்று சொல்லித் தந்தான். நம் மொழியில், நம் பிள்ளை போல ஒருவன் சொல்லித் தரும்போது மனம் தானாக இளகிவிடுகிறது. அந்த இளக்கத்தைத்தான் அவன் காசாக்கினான். இழந்த தொகையைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

மதிய உணவுக்குப் பிறகு ஆளுக்கோர் அட்டை கொடுத்தான். தபால் அட்டை அளவு, பிளாஸ்டிக் உறை போட்டது. மேலே நடுவில் பிள்ளையார் சுழி. அதன்கீழ் நீல மையில், இரண்டு வரிசையாக, எண் போட்டுப் பன்னிரண்டு சொற்கள். "இதை யாரிடமும் காட்டாதீர்கள் அக்கா, வீட்டில் இருப்பவர்களிடம்கூட" என்றான். வீட்டுக்கு வந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். வாலட் செயலியைத் திறந்தால் முதல் திரையில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று, புதிய வாலட் உருவாக்க. மற்றொன்று, ஏற்கெனவே இருக்கும் வாலட்டைக் கொண்டுவர. அவன் எங்களை அழுத்தச் சொன்னது இரண்டாவதை. அட்டையில் இருந்த சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டச் சொன்னான். தட்டினோம். வாலட் திறந்தது. எல்லோரும் கைதட்டினோம்.

முதல் பொத்தானை அழுத்தியிருந்தால், செயலியே 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பன்னிரண்டைப் பொறுக்கி என் ஒருத்திக்கு மட்டும் காட்டியிருக்கும். நானே என் கையால் எழுதிக்கொண்டிருப்பேன். வாலட்டின் சாவி அந்தச் சொற்களிலிருந்துதான் பிறக்கிறது. அவற்றை அறிந்தவர் உலகின் எந்த மூலையிலிருந்தும், எந்தக் கைப்பேசியிலிருந்தும் அதே வாலட்டைத் திறந்து பணத்தை எடுக்கலாம். செயலிக்கு நான் போட்ட கடவுச்சொல் என் கைப்பேசிக்கு மட்டும்தான் காவல். அட்டையில் இருந்தது என் கையெழுத்து இல்லை என்பது ஒன்றே போதும், அந்த வாலட் என்னுடையது இல்லை என்பதற்கு. அன்று எனக்கு அது தெரியவில்லை.

தெரிந்த மட்டும் கவனமாகத்தான் இருந்தேன். மலேசியாவில் கிரிப்டோ வாங்கி விற்கும் பரிமாற்றத் தளங்கள் பத்திர ஆணையத்தில், அதாவது சுருஹான்ஜெயா செக்குரித்தியில், பதிவு பெற்றிருக்க வேண்டும் என்ற விதி 2019 முதல் இருக்கிறது. ஆணையத்தின் பட்டியலைப் பார்த்துத்தான் தளத்தைத் தேர்ந்தெடுத்தேன். என் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்தே பணம் அனுப்பி ஈதர் வாங்கினேன். வாலட்டுக்கு முதலில் 200 வெள்ளிக்கு மட்டும் அனுப்பிப் பார்த்தேன். "எப்போதும் சிறு தொகையில் சோதித்துப் பாருங்கள்" என்று அவன்தான் சொல்லித் தந்திருந்தான். நல்ல பாடம்தான். அந்த 200 எட்டு நாள் அசையாமல் இருந்தது. ஒன்பதாம் நாள் இரவு மீதி 8,000 வெள்ளிக்கும் அனுப்பினேன். 0x என்று தொடங்கும் முகவரியின் 42 எழுத்துகளையும் மூன்று முறை ஒப்பிட்டேன். முகவரி சரியாகத்தான் இருந்தது.

9.41க்கு வந்து சேர்ந்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று சமையலறை வரை போய்த் திரும்பினேன். 9.44க்கு இருப்பு பூஜ்ஜியம். பழைய 200ம் சேர்ந்து போயிருந்தது. ஈதர் பரிமாற்றங்களை யாரும் பார்க்கக்கூடிய ஈதர்ஸ்கேன் என்ற இணையதளத்தில் தேடினால் எல்லாம் தெரிகிறது: எந்த முகவரிக்குப் போனது, எந்த நொடியில் போனது, எல்லாம். அந்த முகவரிக்குப் பின்னால் யார் என்பதுதான் தெரியவில்லை.

உடனே மோசடிப் புகார்களுக்கான 997 எண்ணுக்கு அழைத்தேன். மறுநாள் காலை போலீஸில் புகார் கொடுத்தேன். வங்கியிலிருந்து வங்கிக்குப் போன பணமாக இருந்தால் கணக்கை முடக்க முயலலாம். அதற்கு முதல் சில மணி நேரம்தான் முக்கியம். ஈதரில் ஒருமுறை உறுதியான பரிமாற்றத்தைத் திருப்ப எந்த வங்கியாலும் முடியாது. பரிமாற்றத் தளத்தையும் குறை சொல்ல வழியில்லை, அனுப்பியது நான்தான். புகாரை எழுதிக்கொண்ட அதிகாரி அட்டையையும் பரிமாற்றக் குறியீட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார். மாடியில் இப்போது பூட்டு தொங்குகிறது. பையனின் எண் அணைந்துவிட்டது.

அந்த வகுப்பிலிருந்த இருவரை மட்டும் என்னால் தேடிப் பிடிக்க முடிந்தது. ஒருவர் 3,000 வெள்ளி இழந்திருக்கிறார். ஃபெர்ரியில் வந்த அம்மா இன்னும் பெரிய தொகை எதுவும் போடவில்லை. அன்றே புதிய வாலட் திறக்கவைத்து, இருந்த சிறு தொகையை அதற்கு மாற்றவைத்தேன். மற்றவர்களை எனக்குத் தெரியாது.

உங்கள் அம்மாவிடமோ, அத்தையிடமோ, பக்கத்து வீட்டு ஆசிரியரிடமோ, மேலே பிள்ளையார் சுழி போட்டு நீல மையில் எழுதிய அட்டை இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இருந்தால், முதல் பொத்தானை அழுத்திப் புதிய வாலட் திறந்து, இருப்பதை அதற்கு மாற்றிவிடுங்கள். அட்டையைக் கிழித்துப் போடாதீர்கள். போலீஸுக்கு அது வேண்டும்.