ஹட்டன் பெற்றோர் செயலமர்வு: போகலாமா?

ஒரே லயக் காம்பராவில் வளர்ந்த அண்ணனுக்கு வீடு பாசமாகத் தெரிகிறது, தங்கச்சிக்கோ எந்நேரமும் ஏச்சுதான். ஏன்? ஹட்டன் டவுனில் நடந்த அரைநாள் செயலமர்வு முழுக்க இதுதான், கொடுத்த காசு வீணில்லை.

டேவிட் ரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1981இலும் 1983இலும் வெளியிட்ட இரட்டையர் ஆய்வுகளை நிதானமாக விளக்கினார்கள். மரபணு முழுதும் ஒத்த இரட்டையர், சராசரியாகப் பாதி ஒத்தவர்களைவிட, பெற்றோரின் பாசத்தைப் பற்றி அதிகம் ஒரே மாதிரி சொன்னார்களாம், கண்டிப்பைப் பற்றிக் கேட்டபோது அந்த வித்தியாசம் பெரிதாக இல்லையாம். அதாவது பாசத்தை உணர்வதில் பிள்ளையின் பிறவிக் குணத்துக்கும் பங்குண்டு (அதனால் நாம் எப்படி நடந்தாலும் ஒன்றுதான் என்று பின்வரிசையில் இருந்த ஒருவர் பிழையாக விளங்கிக்கொண்டார், அது வேறு கதை).

குறை என்றால் உதாரணங்கள்தான். எல்லாம் தனி அறை உள்ள பிள்ளைகள். விடியவே கொழுந்துக்குப் போகும் அம்மா, கொழும்பில் கடை வேலையில் இருக்கும் அப்பா, அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேள்வி நேரமும் போதாது.

சரி, போகிறவர்கள் காலை அமர்வுக்கே பதியுங்கள், பின்னேரம் மழை பிடித்தால் தகரக் கூரைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.